பூச்சிகளைத் தொற்றும் ஆர்என்ஏ வைரஸ்களின் மூலக்கூறு ஆய்வு: தேனீ வைரஸ்களை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சிகளின் ஆர்என்ஏ வைரஸ்கள் எண்ணிக்கையிலும் வகையிலும் மிகப் பரந்தவை. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பேச முயன்றால் எதுவும் தெளிவாகாது. எனவே இந்தப் பக்கம் தேனீப் புழுக்களைக் கொல்லும் சாக்புரூட் வைரஸை நடுவில் வைத்துக்கொண்டு, பிற தேனீ வைரஸ்களையும் கொசு, பட்டுப்புழு போன்றவற்றின் வைரஸ்களையும் தேவையான இடங்களில் மட்டும் தொடுகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களும், நோயுற்ற அடைத்துண்டுகளை அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தேனீ வளர்ப்போரும் கேட்பவை.

கேள்வி: ஒரு வைரஸை மூலக்கூறு நிலையில் அடையாளப்படுத்துவது என்றால் என்ன? பிசிஆர் செய்து பார்ப்பதுதானா?

பிசிஆர், அதாவது குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை, அதில் ஒரு படி மட்டுமே. ஒரு மாதிரியில் குறிப்பிட்ட வைரஸின் சிறு துண்டு இருக்கிறதா என்று பார்ப்பது கண்டறிதல். மூலக்கூறு நிலையில் அடையாளப்படுத்துவது என்பது, அந்த வைரஸின் மரபணுத்தொகுதி எத்தனை நியூக்ளியோடைடு நீளமுடையது, ஓரிழையா ஈரிழையா, நேர் இழையா (நேரடியாகப் புரதமாக வாசிக்கத்தக்கது) எதிர் இழையா (அதன் எதிர்ப்படி), ஒரே துண்டா பல துண்டுகளா, எந்தெந்தப் புரதங்களுக்கான குறியீடு எந்த வரிசையில் அமைந்துள்ளது, அதன் நெருங்கிய உறவுகள் எவை, அது அந்தப் பூச்சியின் உடலில் உண்மையாகவே பெருகுகிறதா, பெருகினால் எந்தத் திசுவில் பெருகுகிறது என்பன வரை விடை காண்பதாகும். இந்த விடைகள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சோதனை வேண்டும். ஒரு சோதனையின் முடிவை இன்னொரு கேள்விக்கு விடையாக எடுத்துக்கொள்வதுதான் இத்துறையில் அதிகம் நடக்கும் பிழை. கீழே வரும் பல விடைகள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

கேள்வி: எடுத்துக்காட்டுக்கு ஏன் தேனீ வைரஸ்கள்?

பூச்சி வைரஸ்களில் நீண்ட காலமாகத் தொடர்ந்து ஆராயப்பட்டவை அவை. சாக்புரூட் நோய் வடிகட்டியில் தங்காத ஒரு நுண்கிருமியால் வருகிறது என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ஒயிட் 1910களிலேயே காட்டினார். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பெய்லியும் உடன் பணியாற்றியவர்களும் 1963இல் தேனீக்களின் நாள்பட்ட வாத வைரஸையும் கடும் வாத வைரஸையும் தூய்மைப்படுத்தினார்கள். மரபணு வரிசை வாசிக்கும் வசதி வருவதற்கு முன்பே நோய்க்குறி, துகளின் அளவு, எதிர்ப்பொருள் வினை ஆகியவற்றைக் கொண்டு இவை வகைப்படுத்தப்பட்டிருந்ததால், பின்னாளில் கிடைத்த வரிசைகளைப் பழைய அறிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தது. பெரும்பாலான பூச்சி வைரஸ்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றுக்கு வரிசை மட்டுமே இருக்கிறது.

கேள்வி: சாக்புரூட் வைரஸின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

முதலில் நோய். தொற்றிய புழு கூட்டுப்புழுவாக மாற முடியாமல் நின்றுவிடுகிறது. தோலுரிக்க வேண்டிய கட்டத்தில் பழைய தோல் கழலாமல், தோலுக்கும் உடலுக்கும் இடையே நீர் கோத்துக்கொள்வதால், இடுக்கியால் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கினால் புழு ஒரு சிறு நீர்ப்பை போலத் தொங்கியபடி முழுதாக வெளியே வரும். முத்து வெண்மையாக இருந்த நிறம் வெளிர்மஞ்சளாகி, பின் பழுப்பாகி, இறுதியில் அறையின் அடியில் காய்ந்த செதிலாகக் கிடக்கும். இந்தியத் தேனீக்களில் இறந்த புழுக்கள் பெரும்பாலும் மூடப்படாத அறைகளில் தலை நிமிர்ந்து கிடப்பதைக் காணலாம்.

அந்த நீருக்குள் இருக்கும் துகள்கள் ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டமுள்ளவை, கொழுப்புறை இல்லாதவை. உள்ளே இருப்பது நேர் இழை ஆர்என்ஏ ஒன்று. அதன் முழு வரிசை 1999இல் வெளியானது: 8832 நியூக்ளியோடைடுகள், இறுதியில் அடினைன் வால். 179ஆம் இடத்திலிருந்து 8752ஆம் இடம் வரை தடையின்றிச் செல்லும் ஒரே வாசிப்புச் சட்டகம் (புரதமாக வாசிக்கப்படும் பகுதி) 2858 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நெடும்புரதத்துக்குக் குறியீடாகிறது. அந்த நெடும்புரதம் பின்னர் வைரஸின் சொந்தப் புரதவெட்டி நொதியால் துண்டாக்கப்படுகிறது. முன்பகுதியிலிருந்து உறைப்புரதங்களும், பின்பகுதியிலிருந்து இழை பிரிக்கும் ஹெலிகேஸ், புரதவெட்டி, ஆர்என்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் ஆகியவையும் அதே வரிசையில் கிடைக்கின்றன. உறைப்புரதங்கள் முன்னும் படியெடுக்கும் நொதிகள் பின்னுமாக, எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் அமைந்திருப்பது இஃப்லா வைரஸ் குடும்பத்தின் அடையாளம்.

கேள்வி: தாய்லாந்து சாக்புரூட் என்பது தனி வைரஸா, அதே வைரஸின் வேறு வடிவமா?

1976இல் தாய்லாந்தில் ஆசியத் தேனீயிடமிருந்து (நம் இந்தியத் தேனீயும் இதே இனம்) எடுத்த மாதிரிகளை ஆராய்ந்த பெய்லி குழுவினர், எதிர்ப்பொருள் வினையில் அது ஐரோப்பியத் தேனீயின் சாக்புரூட் வைரஸுக்கு உறவுடையது, ஆனால் ஒன்றல்ல என்று 1982இல் எழுதினார்கள். நம் பக்கத்தில் அதன் வரலாறு கசப்பானது. 1978இல் மேகாலயாவில் தென்பட்ட நோய், 1991–92இல் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பரவியபோது இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் தேனை நம்பி வீட்டுக்கு வீடு பெட்டி வைத்திருந்த மார்த்தாண்டம் வட்டாரத்தில் தொழிலே நின்றுபோனது. அதற்குப் பிறகு அங்கே இத்தாலியத் தேனீயை (ஐரோப்பியத் தேனீயின் ஒரு வகை) வளர்க்கும் முயற்சி வேகமெடுத்ததற்கும் அந்த அழிவே முதன்மைக் காரணம்.

மரபணு வரிசைகள் வந்தபின் படம் சற்று மாறியது. தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல பகுதிகள், கொரியா, சீனா, வியட்நாம் ஆகிய இடங்களில் ஆசியத் தேனீயிடமிருந்து எடுத்த வைரஸ்களின் வரிசைகள் பெரும்பாலும் ஒரு கிளையாகவும், ஐரோப்பியத் தேனீயிடமிருந்து எடுத்தவை மற்றொரு கிளையாகவும் பிரிகின்றன. எனினும் இரண்டும் ஒரே சிற்றினத்துக்குள் அடங்கும் அளவுக்கு நெருக்கமானவை. வேறுபாடு மிகுதியாகத் தெரியும் இடம் உறைப்புரதம் ஒன்றுக்கான பகுதி. அங்கே ஆசியத் தேனீ வடிவங்களில் சில பத்து நியூக்ளியோடைடுகள் விடுபட்டிருப்பது வழக்கம். நெடும்புரதம் ஒரே சட்டகத்தில் வாசிக்கப்படுவதால் இத்தகைய விடுபடல் மூன்றின் மடங்காக இருந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லாப் புரதங்களும் குலைந்துவிடும். உங்கள் வரிசையில் அப்பகுதியில் நான்கோ ஐந்தோ நியூக்ளியோடைடு குறைவதாகத் தெரிந்தால், புதிய வடிவம் கண்டுபிடித்ததாக மகிழ்வதற்கு முன் வாசிப்புத் தரத்தை மீண்டும் பாருங்கள். கிளைகள் தேனீ இனத்தோடு ஒத்துப்போவதும் முழுமையான விதி அல்ல: இரண்டு தேனீயினங்களையும் அருகருகே வளர்க்கும் இடங்களில் ஒன்றின் வடிவம் மற்றொன்றில் காணப்பட்டிருக்கிறது.

கேள்வி: மாதிரியை எப்படி எடுக்க வேண்டும்? ஆல்கஹாலில் போட்டு அனுப்பினால் போதுமா?

ஆர்என்ஏ விரைவில் சிதையும். இறந்த பூச்சியின் சொந்த நொதிகளே அதைச் சில மணி நேரத்தில் அரித்துவிடும். உயிருள்ள அல்லது நோய்க்குறி தெரியத் தொடங்கிய புழுக்களை எடுத்து உடனே உலர்பனியிலோ திரவ நைட்ரஜனிலோ உறையவைத்து, ஆய்வகத்தில் −80 டிகிரி செல்சியஸில் வைப்பது சிறந்தது. அது முடியாத இடத்தில், ஆர்என்ஏவைக் காக்கும் உப்புக் கரைசலில் மூழ்கவைத்துக் கொண்டுவரலாம். ஆனால் முழுத் தேனீயை அப்படியே போட்டால் மேலோட்டின் வழியாகக் கரைசல் எளிதில் உள்ளே போகாது, வயிற்றைக் கீறிவிட வேண்டும். ஆல்கஹால் டிஎன்ஏ வேலைக்கு நல்லது. ஆர்என்ஏவுக்கு அது கடைசி வழி மட்டுமே. கருத்து உலர்ந்த செதில்களை அனுப்புபவர்கள் பலர். அவற்றில் வைரஸ் இருக்கலாம் என்றாலும் முழு மரபணுத்தொகுதி எடுக்க அவை உதவுவது அரிது.

கேள்வி: பிரித்தெடுத்த ஆர்என்ஏவைக் கருவியில் ஓட்டினால் 28எஸ் பட்டையே தெரியவில்லை. மாதிரி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பாலூட்டிகளின் ஆர்என்ஏவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி தரும். தேனீ உட்படப் பெரும்பாலான பூச்சிகளில் ரைபோசோமின் 28எஸ் ஆர்என்ஏ நடுவில் இயல்பாகவே ஒரு வெட்டு கொண்டது; இரண்டு பாதிகளையும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. கருவியில் ஏற்றுவதற்கு முன் வழக்கப்படி சூடாக்கியதும் அந்தப் பிணைப்பு விட்டுப்போய், ஏறத்தாழ 18எஸ் அளவுள்ள இரு துண்டுகளாகி, 18எஸ் பட்டையோடு சேர்ந்து ஒரே பட்டையாக ஓடுகின்றன. இரண்டு பட்டைகளின் விகிதத்தை எதிர்பார்க்கும் கருவியின் தரமதிப்பெண் இதைச் சிதைவு என்று கணக்கிட்டுக் குறைத்துக் கொடுக்கும். அந்த எண்ணை நம்பி நல்ல மாதிரியைக் குப்பையில் போடாதீர்கள். பட்டை கூர்மையாக இருக்கிறதா, அதற்குக் கீழே புகைபோல இழுபட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வரிசை வாசிக்கக் கொடுக்கும் வணிக நிறுவனம் மதிப்பெண் போதவில்லை என்று மாதிரியைத் திருப்பினால், இந்த விளக்கத்தை எழுதியனுப்பி மேலே தொடரச் சொல்லலாம்.

கேள்வி: பிசிஆரில் எதிர்பார்த்த அளவில் பட்டை வந்துவிட்டது. இனி என்ன?

அந்தப் பட்டையின் வரிசையை வாசியுங்கள். இது தவிர்க்க முடியாத படி. அளவு ஒத்துப்போவது மட்டும் அடையாளம் ஆகாது. எதிர்மறை முடிவு வந்தால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆர்என்ஏ வைரஸ்களின் பாலிமரேஸுக்குப் பிழைதிருத்தும் திறன் பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொரு படியெடுப்பிலும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரின் 3′ முனைக்கு (பின்முனைக்கு) நேரே ஒரு மாற்றம் விழுந்திருந்தால் வைரஸ் நிறைய இருந்தும் பட்டை வராமல் போகலாம். தேனீயின் மற்றொரு வைரஸான சிறகு சிதைவு வைரஸில் இது நடைமுறைச் சிக்கலாகவே இருந்தது: ஏ வகைக்கு வடிவமைத்த பிரைமர்கள், 2004இல் தேனீயின் ஒட்டுண்ணியான வர்ரோவா உண்ணியிடமிருந்து முதலில் விவரிக்கப்பட்ட பி வகையைத் தவறவிடக்கூடியவை. இயன்றவரை பாலிமரேஸ் பகுதியின் மாறாத இடங்களுக்கு ஒரு இணையும், உறைப்புரதப் பகுதிக்கு இன்னொரு இணையும் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: முழு மரபணுத்தொகுதியை எப்படி வாசிப்பது? முனைகள் ஏன் எப்போதும் விடுபடுகின்றன?

முன்பு, ஒன்றன்மேல் ஒன்று படியும் பல பிசிஆர் துண்டுகளாகப் பிரித்து வாசித்து இணைத்தார்கள். இப்போது மொத்த ஆர்என்ஏவிலிருந்து ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கி, மீதியைச் சிறு துண்டுகளாக ஒரே நேரத்தில் வாசித்துக் கணினியில் தொகுக்கிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: அடினைன் வாலைப் பிடித்து இழுக்கும் முறையில் நூலகம் (வாசிப்பதற்கான துண்டுகளின் தொகுதி) தயாரித்தால் சாக்புரூட் போன்ற வால் உள்ள வைரஸ்கள் நன்றாக வரும், வால் இல்லாத நோடா வைரஸ்கள் வராமலே போகும். வைரஸ் இல்லை என்ற முடிவு உண்மையில் தயாரிப்பு முறையின் முடிவாக இருந்துவிடும்.

3′ முனை வாலின் உதவியால் எளிதில் கிடைக்கிறது. 5′ முனைதான், அதாவது இழையின் தொடக்கம்தான், தொல்லை. இஃப்லா வைரஸ்களின் 5′ முனையில் நம் தூது ஆர்என்ஏக்களில் இருப்பது போன்ற தொப்பி கிடையாது; ஒரு சிறு புரதம் நேரடியாகப் பிணைந்திருக்கிறது. தொப்பியை நம்பிச் செயல்படும் ஆயத்தப் பொருள்களை வாங்கிவைத்து மாதக்கணக்கில் போராடும் ஆய்வகங்கள் உண்டு. டிஎன்ஏவாகப் படியெடுத்தபின் அதன் முனையில் ஒரே எழுத்தாலான வாலைச் சேர்த்துப் பெருக்கும் பழைய முறை இங்கு ஒத்துவரும். இந்த முனையை விட்டுவிடவும் முடியாது: புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் கட்டமைப்பு அங்கேதான் மடிந்திருக்கிறது. சாக்புரூட்டில் அப்பகுதி 178 நியூக்ளியோடைடுகள்தான். 10,140 நியூக்ளியோடைடு நீளமுள்ள சிறகு சிதைவு வைரஸிலோ அது ஆயிரத்தைத் தாண்டும்.

கேள்வி: பூச்சிகளின் மற்ற ஆர்என்ஏ வைரஸ்களும் இதே அமைப்புதானா?

இல்லை. பட்டுப்புழுவின் தொற்றுப் பிளாச்சரி வைரஸ் இதே குடும்பம், 9650 நியூக்ளியோடைடுகள். ஆனால் தேனீயின் கடும் வாத வைரஸும் இஸ்ரேல் கடும் வாத வைரஸும் டைசிஸ்ட்ரோ குடும்பத்தைச் சேர்ந்தவை: அவற்றில் இரண்டு வாசிப்புச் சட்டகங்கள் உண்டு, வரிசையும் தலைகீழ், படியெடுக்கும் நொதிகள் முன்னும் உறைப்புரதங்கள் பின்னும் இருக்கும். இரண்டு சட்டகங்களுக்கும் இடையிலுள்ள சிறு பகுதி மூலக்கூறு உயிரியலில் ஒரு வியப்பு. 1970இல் ஆஸ்திரேலியாவில் அறியப்பட்ட சிள்வண்டு வாத வைரஸில், அந்தப் பகுதி தானே மடிந்து ரைபோசோமை நேராகப் பிடித்துக்கொண்டு, புரத உற்பத்தியைத் தொடங்க எல்லா உயிர்களும் பயன்படுத்தும் மெத்தியோனைன் கடத்து ஆர்என்ஏ இல்லாமலே, அலனைனில் உற்பத்தியைத் தொடங்கிவிடுகிறது என்பது 2000இல் காட்டப்பட்டது. ஒரு பூச்சி வைரஸைத் தோண்டப்போய், செல்லின் அடிப்படை விதி என்று எல்லோரும் எண்ணியிருந்ததற்கே விலக்கு கிடைத்தது.

நியூசிலாந்தின் புல்வேர்ப் புழுவில் கிடைத்த ஃப்ளாக் ஹவுஸ் வைரஸ் நோடா குடும்பம். ஏறத்தாழ 3100, 1400 நியூக்ளியோடைடு நீளமுள்ள இரண்டே துண்டுகள். தேனீயின் நாள்பட்ட வாத வைரஸுக்கும் 3674, 2305 என இரண்டு முதன்மைத் துண்டுகள். பட்டுப்புழுவின் சைட்டோபிளாச வைரஸ் ஈரிழை ஆர்என்ஏ, பத்துத் துண்டுகள். பழ ஈயின் சிக்மா வைரஸ் எதிர் இழை. கரியமில வாயு பட்டால் ஈக்கள் மயங்கி மீளாமல் இறப்பதைக் கொண்டு 1937இலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதன் இருப்பை உணர்ந்தார்கள்.

கேள்வி: வைரஸ் அந்தப் பூச்சியில்தான் பெருகுகிறது என்பதை எப்படி உறுதிசெய்வது?

இதற்கு எதிர் இழையைத் தேட வேண்டும். நேர் இழை வைரஸ் செல்லுக்குள் பெருகும்போது மட்டுமே தன் எதிர் இழையை அச்சாக உருவாக்குகிறது; துகளுக்குள் இருப்பது நேர் இழை. தேனீ தின்ற மகரந்தத்தோடு குடலுக்குள் வந்த துகளும், உண்ணியின் வயிற்றில் தேனீ இரத்தத்தோடு கிடக்கும் துகளும் பிசிஆரில் பட்டை தரும். எதிர் இழை தராது. ஆனால் சோதனை நுணுக்கமானது. வைரஸ் ஆர்என்ஏ தானே மடிந்து தனக்குப் பிரைமராகச் செயல்பட்டுப் பொய்யான விடை தரும் என்பதால், எந்த உயிரினத்திலும் இல்லாத ஒரு வால் வரிசையைப் படியெடுக்கும் பிரைமரில் ஒட்டவைத்து, அந்த வாலைக் கொண்டே அடுத்த பெருக்கத்தைச் செய்ய வேண்டும். பிரைமரே சேர்க்காத ஒரு குழாயையும் உடன் வைக்க வேண்டும். அதில் பட்டை வந்தால் அன்றைய முடிவு முழுவதும் செல்லாது.

வேறொரு சாட்சி, பூச்சியின் சொந்த எதிர்ப்பு. பூச்சிகள் வைரஸின் ஈரிழை ஆர்என்ஏவைக் கண்டால் டைசர் நொதியால் 21 அல்லது 22 நியூக்ளியோடைடு அளவில் நறுக்குகின்றன. சிறு ஆர்என்ஏக்களை வாசித்து, அந்த அளவில் இரு இழைகளிலிருந்தும் வைரஸ் துண்டுகள் குவிந்திருந்தால், அந்த வைரஸ் அந்தப் பூச்சியின் செல்லுக்குள் பெருகியது என்பதற்கு அது வலுவான ஆதாரம்.

கேள்வி: தொகுப்பு வரிசை வாசிப்பில் (மாதிரியிலுள்ள எல்லா ஆர்என்ஏவையும் ஒருங்கே வாசிப்பதில்) புதிய வைரஸ்கள் குவிகின்றனவே, அவையெல்லாம் நோய்க்காரணிகளா?

2016இல் வெளியான ஒரே ஆய்வு, 220க்கு மேற்பட்ட முதுகெலும்பிலி இனங்களிலிருந்து 1445 ஆர்என்ஏ வைரஸ்களைப் பட்டியலிட்டது. அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை எந்த நோயோடும் தொடர்புபடுத்தப்படாதவை. இந்த இடத்தில் இஸ்ரேல் கடும் வாத வைரஸின் கதையைச் சொல்ல வேண்டும். 2006–07 குளிர்காலத்தில் அமெரிக்காவில் தேனீக் கூட்டங்கள் திடீரென ஆளொழிந்து போயின. 2007இல் தொகுப்பு வாசிப்பு செய்து பார்த்தபோது, பாதிக்கப்பட்ட 30 மாதிரிகளில் 25இல் இந்த வைரஸ் இருந்தது. பாதிக்கப்படாத 21இல் ஒன்றில் மட்டுமே இருந்தது. காரணம் அகப்பட்டுவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டிலேயே, பாதுகாத்து வைத்திருந்த பழைய மாதிரிகளில் 2002 முதலே அந்த வைரஸ் அமெரிக்காவில் இருந்தது தெரியவந்தது. 2009இல் வந்த விரிவான ஆய்வு எந்த ஒரு கிருமியையும் தனிக் காரணமாகக் காட்ட முடியவில்லை. வரிசையை வாசித்ததில் தவறு இல்லை. உடனிருப்பது காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டதுதான் தவறு.

கேள்வி: வைரஸ் வரிசை கிடைத்தும் வைரஸ் இல்லாமலிருக்க முடியுமா?

முடியும், கொசுக்களில் குறிப்பாக. ஏடிஸ் எஜிப்டை கொசுவின் செல் வளர்ப்பில், மற்ற செல்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் ஒரு வைரஸ் இருப்பதை 1975இல் ஸ்டோலரும் தாமஸும் கண்டார்கள். அது டெங்கு வைரஸின் குடும்பம். ஆனால் பூச்சிகளில் மட்டும் பெருகுவது. அதை ஒத்த வரிசைகள் ஏடிஸ் கொசுக்களின் குரோமோசோமிலேயே பதிந்திருப்பது 2004இல் வெளியாயிற்று. ஆகவே கொசுவிலிருந்து இப்படியொரு வரிசை கிடைத்தால், ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏ நொதியால் கழுவிவிட்டுச் சோதிப்பதும், படியெடுக்கும் நொதி சேர்க்காத குழாயில் பட்டை வருகிறதா என்று பார்ப்பதும், வாசிப்புச் சட்டகம் நடுவில் நிறுத்தக் குறியீடுகளால் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். உடைந்திருந்தால் அது பெரும்பாலும் பூச்சியின் பழைய பதிவு. நடமாடும் வைரஸ் அல்ல.

கேள்வி: ஒரே வைரஸின் வடிவங்களை எண்ணிக்கொண்டிருப்பதால் நடைமுறையில் என்ன பயன்?

ஹவாய்த் தீவுகள் இதற்கு நல்ல விடை. வர்ரோவா உண்ணி 2007இல் ஓவாஹு தீவையும் அடுத்த ஆண்டு பெருந்தீவையும் அடைந்தது. சில தீவுகளுக்கு வரவே இல்லை. உண்ணி இல்லாத இடங்களில் சிறகு சிதைவு வைரஸ் ஏறத்தாழ பத்தில் ஒரு கூட்டத்தில், மிகக் குறைந்த அளவில், பல வடிவங்களாக இருந்தது. உண்ணி நிலைபெற்ற இடங்களில் அது ஏறத்தாழ எல்லாக் கூட்டங்களிலும் காணப்பட்டது. ஒரு தேனீயிலுள்ள வைரஸின் அளவு பத்து லட்சம் மடங்கு வரை கூடியது. வடிவங்களோ சுருங்கி ஒன்று மேலோங்கியது. 2012இல் வெளியான இந்த முடிவு, இருக்கிறது–இல்லை என்ற சோதனையால் கிடைத்திருக்காது. நலமான தேனீயிலும் இந்த வைரஸ் இருக்கும். சிறகு சுருங்கிய தேனீயில் அது நூறு கோடி நகல்களைத் தாண்டி நிற்கும். அளவும் வடிவமும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கின்றன.

கேள்வி: காரணம் என்று மெய்ப்பிக்க என்னதான் வழி?

வைரஸைத் தனித்து வளர்த்து மீண்டும் தொற்றவைப்பதே செவ்விய முறை. தேனீயில் அது கடினம், வளர்க்கத் தகுந்த செல் வரிசை அரிதாகவே கிடைப்பதால். 2013இல் அறிவிக்கப்பட்ட தேனீச் செல் வரிசை ஒன்றே பின்னர் சிறகு சிதைவு வைரஸ் தொற்றியதாகத் தெரியவந்தது. எனவே வேறு வழி வகுத்தார்கள்: முழு மரபணுத்தொகுதியையும் பாக்டீரியா பிளாஸ்மிடில் டிஎன்ஏவாக நிறுத்தி, குழாயிலேயே ஆர்என்ஏவாகப் படியெடுத்து, கூட்டுப்புழுக்களுக்குள் ஊசியால் செலுத்துவது. கறுப்பு ராணியறை வைரஸுக்கு 2002இலும், சிறகு சிதைவு வைரஸுக்கு 2016இலும் இது செய்யப்பட்டது. படியில் புரதத்தை மாற்றாத ஓர் எழுத்து மாற்றத்தை அடையாளமாக வைத்துவிட்டால், பின்னர் கிடைக்கும் வைரஸ் நாம் செலுத்தியதா, தேனீயில் முன்பே இருந்ததா என்று பிரித்தறியலாம். முழு வரிசையும், அதிலும் அந்தத் தொல்லை பிடித்த 5′ முனையும், கையில் இல்லாமல் இதைத் தொடங்கவே முடியாது.

கேள்வி: எப்போது புதிய சிற்றினம் என்று சொல்லலாம்?

இஃப்லா, டைசிஸ்ட்ரோ குடும்பங்களில் உறைப்புரதங்களின் அமினோ அமில ஒற்றுமை 90 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழுவின் அளவுகோல். பாலிமரேஸ் துண்டு ஒன்றை மட்டும் வைத்து அறிவிக்க வேண்டாம். இவ்வைரஸ்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்பவை. சிறகு சிதைவு வைரஸின் ஏ, பி வகைகளுக்கிடையே கலப்பு வடிவங்கள் பல முறை கண்டறியப்பட்டுள்ளன. ஒரு பகுதியில் போட்ட உறவு மரமும் இன்னொரு பகுதியில் போட்ட மரமும் முரண்பட்டால், மென்பொருளைக் குறைசொல்வதற்கு முன் கலப்பைத் தேடுங்கள்.

கேள்வி: இவ்வைரஸ்கள் தேனின் வழியாக மனிதருக்கு வருமா?

தேனீக்களின் இவ்வைரஸ்கள் மனிதரைத் தொற்றுவதாக அறியப்பட்டதில்லை. தேன் பாதுகாப்பானது, ஆனால் நோயுற்ற கூட்டத்தின் தேனை வேறு கூட்டத்துக்குத் தீனியாக வைப்பது தேனீக்களுக்கு நல்லதல்ல.

கேள்வி: வரிசை தெரிந்துவிட்டதால் மருந்து கிடைக்குமா?

சாக்புரூட்டுக்கு இன்று மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் கொடுப்பது வீண். பாக்டீரியாவால் வரும் ஐரோப்பியப் புழு அழுகல் நோயோடு இதைக் குழப்பிக்கொண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தேனில் எச்சம் சேர்வதே கண்ட பலன். வரிசையறிவு திறந்துவிட்ட வழி, வைரஸுக்கு ஒத்த ஈரிழை ஆர்என்ஏவைச் சர்க்கரைப் பாகில் கலந்து ஊட்டி, தேனீயின் டைசர் எதிர்ப்பை முன்கூட்டியே தூண்டுவது. இஸ்ரேல் கடும் வாத வைரஸுக்கு எதிராக 2009இலும், ஆசியத் தேனீயின் சாக்புரூட்டுக்கு எதிராக 2010இலும் இது பயன் தருவதாகச் சோதனைகள் காட்டின. பரவலாகக் கடையில் வாங்கும் பொருளாக அது இன்னும் ஆகவில்லை. களத்தில் இன்று கைகொடுப்பவை பழைய வழிகள்தாம்: ராணியைச் சில நாள் அடைத்துப் புழு வளர்ப்பை நிறுத்துவது, நோய்ப்பட்ட அடைகளை அகற்றுவது, தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்து அடுத்த ராணிகளை எடுப்பது. 1991–92 அழிவுக்குப் பின் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீ மீண்டெழுந்ததும் பெரும்பாலும் பிழைத்த கூட்டங்களைப் பெருக்கியதால்தான்.

கேள்வி: நான் தேனீ வளர்ப்பவன். ஆய்வகத்துக்கு எதை அனுப்பினால் பயன்படும்?

ஒரே கூட்டத்திலிருந்து மூன்று வகை: நோய்க்குறி தொடங்கிய புழுக்கள், அதே அடையில் நலமாகத் தோன்றும் புழுக்கள், புழுக்களுக்கு ஊட்டும் இளந்தேனீக்கள். இறந்த புழுக்களை அப்புறப்படுத்தும் இளந்தேனீக்களின் தலைச் சுரப்பிகளில் வைரஸ் சேர்வதாலும், அவை வெளித்தோற்றத்தில் நோயின்றி இருப்பதாலும், கூட்டத்துக்குள் பரவலைப் புரிந்துகொள்ள அவை புழுவைவிட முக்கியம். பக்கத்திலுள்ள நலமான கூட்டம் ஒன்றிலிருந்தும் அதே மூன்றை எடுத்து வேறு குழாய்களில் வையுங்கள். ஒப்பிட ஆளில்லாத நோய் மாதிரியால் அரைப் பயன்தான். குழாயோடு வைக்கும் தாளில் பென்சிலால் எழுதுங்கள், மை கரைசலில் அழிந்துவிடும். ஊர், தேதி, தேனீயினம், பெட்டியா பொந்தா, அருகில் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் உண்டா என்பவை அந்தத் தாளில் இருந்தால், பின்னாளில் வரிசைகள் எந்தக் கிளையில் ஏன் விழுந்தன என்று கேட்பவருக்கு அவையே முதல் துப்பு.